ஏழு மாதம் விட்டுப்போன பயிற்சி, எட்டு வாரத்தில் டிரையத்லான்: முடியுமா?

கேள்வி கேட்ட நண்பர் சேலம் அஸ்தம்பட்டிக்காரர். வயது 41, உட்கார்ந்து பார்க்கும் ஆபீஸ் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன் ஸ்பிரின்ட் டிரையத்லான் ஒன்றை 1 மணி 42 நிமிடத்தில் முடித்திருக்கிறார். அதாவது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் அடுத்தடுத்து. அப்புறம் அப்பாவுக்கு ஆபரேஷன், வேலையில் இடமாற்றம், நடுவில் பத்து நாள் காய்ச்சல் என்று ஏழு மாதம் எதுவுமே செய்யவில்லை. எடை 78லிருந்து 85 ஆகிவிட்டது. பணம் கட்டிப் பதிவு செய்த அடுத்த போட்டிக்கு எட்டு வாரம்தான் இருக்கிறது, இந்தத் தடவை கடலில் நீந்த வேண்டும். போகலாமா, பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், ‘போன தடவைக்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம் வந்தால் அசிங்கமாக இருக்குமே’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். எட்டு வாரத்தில் முடிக்க முடியுமா என்பதற்குப் பதில் சுலபம்: முன்பு ஒருமுறை முடித்தவரால், உடம்பில் வேறு கோளாறு இல்லையென்றால், பெரும்பாலும் முடியும். எட்டு வாரத்தில் பழைய 1:42 வருமா என்றால், வராது. அதை இப்போதே தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறையும். போகிற வழியில் உங்களை வீழ்த்தக்கூடியவை இரண்டு. நான்காவது வாரத்தில் உங்கள் குதிகால், போட்டியன்று கடலில் முதல் 200 மீட்டர். நுரையீரலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள், அது தன்னால் திரும்பிவிடும்.

நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூட பி.டி. வாத்தியார், பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியே இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. நாற்பது தாண்டிய பிறகு டிரையத்லான் பித்துப் பிடித்து, இதுவரை பதினோரு ஸ்பிரின்ட், அதைப் போல இரண்டு மடங்கான ஒலிம்பிக் தூரம் மூன்று முடித்திருக்கிறேன். அதில் நான்கு போட்டிகள் உங்களைப் போலவே நீண்ட இடைவெளிக்குப் பின் போனவை. அவற்றில் ஒன்று கெட்ட அனுபவம். அதற்கு வருகிறேன்.

முதலில் உடம்பில் என்ன போயிருக்கும் என்று பார்ப்போம். பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே ரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதியின் அளவு குறையத் தொடங்குகிறது. அதனால் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதல் தடவை துடிக்க வேண்டியிருக்கும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பெரும்பங்கு இதுதான். 1984இல் எட்வர்ட் காயில் என்ற ஆய்வாளரின் குழு, நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாள் சும்மா இருக்கவைத்து அளந்து பார்த்தது. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதம் இறங்கியது. எட்டு வாரவாக்கில் 16 சதவீதம் இறங்கி, அதற்குமேல் இறங்காமல் அங்கேயே நின்றது. தசையில் இருந்த நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. எப்போதுமே பயிற்சி செய்யாதவர்களைவிட அவர்கள் மேலான நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பல வருடம் கடுமையாகப் பழகியவர்கள், ஏழே பேர், மூன்று மாதத்துக்கும் குறைவான இடைவெளி. உங்கள் ஏழு மாதத்துக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. மூச்சுத் திறன் முழுசாகப் பூஜ்யத்துக்குப் போயிருக்காது, திரும்பிக் கட்டும்போது முதல் மூன்று வாரத்தில் வேகமாக ஏறும் என்ற அளவுக்கு மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தின் அளவு ஒன்றிரண்டு வாரப் பயிற்சியிலேயே கூடத் தொடங்கிவிடும்.

‘தசைக்கு ஞாபகம் இருக்கும்’ என்று ஜிம்மில் சொல்வார்களே, அதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. நீச்சலில் கை போடும் விதம், சைக்கிளில் பேலன்ஸ் மாதிரியானவை மூளையும் நரம்பும் கற்றுக்கொண்ட திறமை, அவை மறக்காது. அதில் சந்தேகமே இல்லை. தசை நாருக்குள் ஒருமுறை கூடிய உட்கருக்கள் சும்மா இருந்தாலும் குறைவதில்லை, அதனால் வலு சீக்கிரம் திரும்புகிறது என்பது இன்னொன்று. எலிகளில் அதற்குச் சான்று உண்டு. மனிதர்களில் இன்னும் வாதம் நடந்துகொண்டிருக்கிறது. நடைமுறையில் பார்த்தால் பழையவர்கள் புதியவர்களைவிடச் சீக்கிரம் தேறுகிறார்கள், காரணம் எதுவாக இருந்தாலும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மூச்சு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தேறிவிடும். தசை அதற்குப் பின்னாலேயே வந்துவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண்கள் அப்படி வராது. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, புதுப்பித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். எலும்பும் அப்படித்தான். ஆக மூன்றாவது, நான்காவது வாரத்தில் உடம்பு ‘நான் தயார்’ என்று சொல்லும், குதிகால் நாண் இன்னும் தயாராகியிருக்காது. இதை எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. நானே அதைக் கேட்காமல் விட்ட வருடமும் உண்டு.

மணிக்கட்டு உடைந்து நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டுத் திரும்பிய சமயம். நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடம்பு இறகு மாதிரி இருந்தது. ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போய், மேலிருந்து மலைப்பாதையில் இறங்கி ஓடலாம் என்று தோன்றியது. ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு வரை குளிர் காற்றில், காப்பித் தோட்ட வாசனையில், பாட்டுப் பாடாத குறையாக இறங்கினேன். மூச்சே வாங்கவில்லை. இறக்கத்தில் எப்படி வாங்கும்? இறங்கும்போது உடம்பின் எடையை ஒவ்வொரு அடியிலும் பிரேக் போட்டு நிறுத்துவது தொடையும் கெண்டைக்காலும் நாணும்தான். அன்று சாயங்காலம் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து காலை ஊன்றினால், குதிகாலுக்கு மேலே கம்பியைக் காய்ச்சி வைத்ததுபோல் இருந்தது. சமையலறை வரை சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன். அந்த வலி முழுசாகப் போக ஐந்து மாதம் ஆயிற்று. போட்டிக்குப் போனேன், நீந்தினேன், சைக்கிள் ஓட்டினேன், 5 கிலோமீட்டரையும் நடந்தேன். பள்ளிப் பிள்ளைகள் கைதட்ட வந்திருந்தார்கள்.

அதனால் உங்கள் எட்டு வாரத்தில் ஓட்டத்தை ரேஷன் கடை அரிசி மாதிரி அளந்து போடுங்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 25 நிமிடம், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஆமாம், அவமானமாகத்தான் இருக்கும். காந்தி மைதானத்தில் வாக்கிங் வரும் தாத்தாக்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. ஐந்தாவது வாரத்தில் நான்குக்கு ஒன்று. ஆறாவது வாரத்தில்தான் நிற்காமல் 20 நிமிடம். ஓட்ட நாட்களுக்கு இடையில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். வாரத்துக்கு 10 சதவீதம்தான் கூட்ட வேண்டும் என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தபோது அந்த விதியைப் பின்பற்றியவர்களுக்கும் காயம் குறையவில்லை, இரண்டு குழுவிலும் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது. அதனால் 10 என்ற எண்ணை மந்திரமாக நினைக்க வேண்டாம். என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது வேறு: மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பத்து அடிக்குப் பிறகும் குதிகால் இறுக்கம் விடவில்லையென்றால் அன்று ஓட்டம் கிடையாது, சைக்கிள்தான்.

அதோடு, பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். சுவரைத் தொட்டுக்கொள்ளலாம். ஒரு காலுக்கு 12இல் தொடங்கி, நான்கைந்து வாரத்தில் 20க்கு மேல் போக வேண்டும். இறக்கும்போது மூன்று எண்ணிக்கை. இதற்குப் பாயோ மெஷினோ வேண்டாம், வாசற்படி இருந்தால் இன்னும் நல்லது.

நீச்சலுக்கு வருவோம், கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். ஓட்டத்தில் முடியாவிட்டால் நடக்கலாம். சைக்கிளில் இறங்கி நிற்கலாம். தண்ணீரில் அது கிடையாது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நடந்த மரணங்களையும் இதயம் நின்ற சம்பவங்களையும் திரட்டிய ஆய்வில் மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு அது நீச்சல் பகுதியில் நேர்ந்தது. பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 47 பக்கம். லட்சம் பேருக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்பதால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வயதையும் பாலினத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் நீச்சலில் என்பதற்கு நிச்சயமான ஒற்றைப் பதில் கிடையாது. திடீர்க் குளிர், பதற்றம், ஆரம்பத்திலேயே முழு வேகம், அதுவரை தெரியாமல் இருந்த இதயக் கோளாறு, நுரையீரலில் நீர் கோப்பது என்று பல காரணம் சொல்கிறார்கள். அதனால் ஒன்று கட்டாயம்: ஒரு நாள் லீவு போட்டு டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி., அவர் தேவை என்றால் டி.எம்.டி. (ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை). இடையில் பத்து நாள் காய்ச்சல் வந்ததை மறக்காமல் சொல்லுங்கள், வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையைப் பாதிப்பதுண்டு. நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத படபடப்பு, மயக்கம் வருவதுபோன்ற உணர்வு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் என் பதிலை இதோடு நிறுத்திவிட்டு அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

கன்னங்குறிச்சிப் பக்கம் கிணற்றில் நீச்சல் கற்றவன் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான். முதுகில் சுரைப்புருடையைக் கட்டி பெரியப்பா தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் சுரையை அவிழ்த்துவிட்டுத் தள்ளினார். கிணற்று நீச்சல்காரனுக்குத் தண்ணீரில் பயம் இருக்காது, அது பெரிய வரம். ஆனால் அவனுக்கு இரண்டு கெட்ட பழக்கம் இருக்கும். தலையைத் தூக்கியே நீந்துவான், மூச்சைத் தண்ணீருக்குள் விடாமல் அடக்கி வைத்திருப்பான். கிணற்றுக்கு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை பத்தே கை என்பதால் அது போதும். 750 மீட்டருக்குப் போதாது. தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், இடுப்பு கீழே போனால் தண்ணீரை உழுதுகொண்டு போவதுபோல்தான். மூச்சை அடக்கினால் நாலாவது கைக்கே நெஞ்சு அடைக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததால் வரும் அடைப்பு இல்லை அது. வெளியே விடாத கரியமில வாயு சேர்ந்து மூளையை ‘மேலே வா’ என்று விரட்டுகிறது. ஆகவே முதல் இரண்டு வாரம் தூரத்தைப் பார்க்க வேண்டாம். முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூக்கிலும் வாயிலும் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். கரையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது தடவை, அப்புறம் பாதி லெங்த், அப்புறம் ஒரு லெங்த் (குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை).

உங்கள் குளம் 25 மீட்டர் என்றால் போட்டிக்கு 30 லெங்த். வாரத்துக்கு மூன்று நாள் போக முடிந்தால் நல்லது, இரண்டுக்குக் குறையக் கூடாது. நான்காவது வாரத்தில் நான்கு நான்கு லெங்த்தாக, இடையில் அரை நிமிடம் நின்று, மொத்தம் 30 முடியட்டும். ஆறாவது வாரத்தில் நிற்காமல் 30. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஆறேழு கைக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து முன்னால் ஏதாவது குறியைப் பார்த்துப் பழகுங்கள், முதலை எட்டிப் பார்ப்பது மாதிரி. நீச்சல் குளத்தில் இருப்பதுபோல் கடலில் கீழே கறுப்புக் கோடு இருக்காது. வழி காட்டப் போட்டிருக்கும் மிதவையைப் பார்க்காமல் நீந்தினால் 750 என்பது 900 ஆகிவிடும்.

கடலுக்குப் பழக நம் ஊரில் இடமில்லையே என்றால், உண்மைதான். அதற்காக மூக்கனேரியில் இறங்காதீர்கள், அது பறவைகளுக்கு இருக்கட்டும். ஏற்காடு ஏரி படகுக்கு. மேட்டூர்ப் பக்கம் காவிரியில் இறங்கிப் பழகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அணையிலிருந்து விடும் தண்ணீரின் அளவு மாறும், ஆற்றின் இழுப்பு மேலே தெரியாது. வேண்டவே வேண்டாம். போட்டிக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்து, அமைப்பாளர்கள் பழக அனுமதிக்கும் நேரத்தில், பாதுகாப்புப் படகு இருக்கும்போது, பத்து நிமிடம் இறங்குங்கள். உப்புத் தண்ணீர் வாயில் போகும் அந்த முதல் அதிர்ச்சி அன்றைக்கே முடிந்துவிடட்டும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மூன்றில் உடம்பை மன்னிப்பது அதுதான். வாரம் இரண்டு நாள் 40 நிமிடம், ஞாயிறு ஒரு நாள் கொஞ்சம் நீளமாக. பேச முடிகிற மூச்சில் பெரும்பகுதி, ஐந்தாவது வாரத்திலிருந்து நடுவே நான்கு நிமிடம் கொஞ்சம் முக்கி மிதிப்பதை மூன்று தடவை. ஏற்காடு ஏறினால் போதாதா என்று சேலத்துக்காரர் எவரும் கேட்பார்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, இருபது கிலோமீட்டர் சுமாருக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். காலுக்கும் மூச்சுக்கும் அற்புதமான பயிற்சிதான். ஆனால் உங்கள் போட்டி கடலோரத்தில், தட்டையான ரோட்டில். 85 கிலோவை அவ்வளவு தூரம் மேலே தூக்குவதால் முதல் மாதத்தில் முழங்கால்தான் பதில் சொல்லும். ஐந்தாவது வாரத்துக்கு மேல், ஆசைக்கு, ஐந்தாறு வளைவு வரை ஏறித் திரும்புங்கள். மிக லேசான கியரில் சுற்றுங்கள். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வேண்டும். பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகும், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். பஸ்காரர் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திருப்புவார், அவருக்கு வேறு வழியில்லை. குரங்குக்குச் சுண்டல் போட நடு ரோட்டில் காரை நிறுத்துபவர்கள் வேறு. மலை மேலே போய்ப் பயிற்சி செய்தால் ஆக்சிஜன் குறைவால் கூடுதல் பலன் வருமா என்ற கேள்விக்கு: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அங்கே மூச்சு வாங்குவதால் ரத்தம் மாறிவிடாது. அதற்கு அதைவிட உயரத்தில் வாரக்கணக்கில் தங்க வேண்டும். குளிருக்காகப் போங்கள், தப்பில்லை.

ஐந்தாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை சைக்கிளை நிறுத்திய கையோடு ஷூவை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஓடுங்கள். இந்தப் பயிற்சிக்கு பிரிக் என்று பெயர், செங்கல். இறங்கி ஓடும்போது காலும் அப்படித்தான் இருக்கும். முதல் ஐந்து நிமிடம் வேறு யாருடைய காலோ என்று தோன்றும், பிறகு விட்டுவிடும். விட்டுவிடும் என்பது ஞாபகத்துக்கு வரவே இந்தப் பயிற்சி. கடைசி கிலோமீட்டரில் கியரை லேசாக்கிக் காலை வேகமாகச் சுற்றினால் இறங்கியதும் கொஞ்சம் இலகுவாக இருக்கும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்து வெயிலில் வளர்ந்தவன், எனக்கு என்ன என்று நினைப்போம். ஏழு மாதம் ஏ.சி. அறையில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பழக்கம் உடம்பில் மிச்சமில்லை. அதோடு நம் ஊரில் வேர்வை சீக்கிரம் காயும், கடலோரத்தில் காயாது, ஆகவே உடம்பும் ஆறாது. வெயிலுக்கு உடம்பு பழக பத்து நாள் முதல் இரண்டு வாரம் போதும். ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது காலை ஐந்தரைக்குப் பதில் எட்டு மணிக்கு, மெதுவாக, தண்ணீரோடு போங்கள்.

கடைசி ஒன்பது பத்து நாளில் அளவைப் பாதியாக்குங்கள். இந்த நாட்களில்தான் ஆட்களுக்குப் பயம் வந்து, விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்ப்பார்கள். அந்த வாரம் ஓடியதன் பலன் போட்டிக்கு வந்து சேராது, களைப்பு மட்டும் வந்து சேரும். முந்தின நாள் இரவு வழக்கமான சாப்பாடு. தட்டுவடை செட் போட்டி முடிந்த பிறகு. காலையில் இரண்டரை மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி, ஒரு வாழைப்பழம், போதும். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் போட்டிக்கு ஓட்டக்காரர்கள் சக்திக்காகச் சாப்பிடும் சர்க்கரை ஜெல் கட்டாயமில்லை. சைக்கிளில் ஒரு பாட்டில் ஓ.ஆர்.எஸ். வைத்துக்கொண்டு தாகத்துக்குக் குடியுங்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும்.

போட்டியன்று கடைசி வரிசையில், ஓரமாக நில்லுங்கள். முதலில் ஓடி இறங்குபவர்களின் காலும் கையும் முகத்தில் படாமல் இருபது வினாடி பொறுத்து இறங்குங்கள். முதல் 100 மீட்டர் உங்களுக்கே வெட்கமாக இருக்கும் வேகத்தில். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து பத்து மூச்சு விடுங்கள். மிதவையையோ நின்றிருக்கும் படகையோ பிடித்து இளைப்பாற விதி அனுமதிக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். உதவி வேண்டுமென்றால் கையைத் தூக்குங்கள். சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்கு முன்பே ஹெல்மெட் பக்கிள் பூட்டியிருக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். பழையவர்கள் அவசரத்தில் இதில்தான் அபராதம் வாங்குகிறார்கள். ஓட்டத்தில் முதல் கிலோமீட்டர் முழுக்க மெதுவாக, ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் முப்பது அடி நடை. என் கணிப்பில் 1:50க்கும் 2:05க்கும் நடுவே எங்காவது வருவீர்கள். கணிப்புதான், பந்தயம் கட்டாதீர்கள்.

பணத்தை விடுவதா வேண்டாமா என்பதை இன்று முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆறாவது வார ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்து, மறுநாள் முடிவு செய்யுங்கள். சோதனை மூன்று: நிற்காமல் 30 லெங்த், 20 கிலோமீட்டர் சைக்கிளோடு பத்து நிமிட ஓட்டம், மறுநாள் காலை வலியில்லாத பத்து அடி. ஓட்டமும் சைக்கிளும் இழுபறியாக இருந்து நீச்சல் சரியாக இருந்தால் போங்கள், நடந்தே முடிக்கலாம். நீச்சல் முடியவில்லை, மற்ற இரண்டும் ஜோர் என்றால் போகாதீர்கள். நீச்சல் இல்லாத பிரிவு ஏதாவது இருக்கிறதா, மாற்றித் தருவார்களா என்று அமைப்பாளருக்கு இப்போதே ஒரு மெயில் போட்டு வையுங்கள்.

இன்று இரவு செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். பரணிலிருந்து மூட்டையை இறக்கி, நீச்சல் கண்ணாடியின் ரப்பர் வாரை இழுத்துப் பாருங்கள். ஏழு மாதம் கிடந்திருந்தால் விரலிலேயே பிய்ந்து வரக்கூடும். சைக்கிள் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஷூ அடிப்பாகம் கல்லாகியிருந்தால் புதிது வாங்குங்கள், ஆனால் போட்டிக்கு முந்தின நாள் வாங்காதீர்கள். மூன்றாவது வாரக் கடைசியில் குதிகால் எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள்.